இத்தாலிக் கடையில் நல்ல நேரம்

வாங்க, வாங்க. அங்க வேண்டாங்க, அது தெக்கப் பாத்த நாற்காலி. இப்படி வந்து கெழக்கப் பாத்து உக்காருங்க. ஆங். கோபியிலருந்து பஸ்ஸுங்களா? கூட்டமா இருந்துச்சா? நீங்க நாலு மணிக்கே வந்து வெளிய நின்னீங்கன்னு கடைக்காரர் சொன்னாரு. வெள்ளிக்கெழமை எமகண்டம் நாலரை வரைக்குங்க, அதுக்கு முன்னாடி உள்ள விட்டுராதீங்கன்னு நாந்தான் போன்ல சொல்லி வெச்சேன். வெயிலு கொஞ்சம் சுள்ளுன்னு இருந்திருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு அரை மணி நேரத்துல என்னங்க ஆயிரப் போகுது, புள்ளைங்க வாழ்க்கைன்னு வரப்ப.

தண்ணி குடிங்க. பூண்டு போட்ட ரொட்டி சொல்லியிருக்கேன், வந்துரும். பொண்ணைக் கூட்டிட்டு வராம மொதல்ல அம்மா நீங்க மட்டும் வந்ததும் நல்லதுதான். உங்களைச் சம்பந்தின்னே கூப்புடட்டுங்களா? வாய் முகூர்த்தம் நல்லாருக்கட்டும்.

எம் பையன் தரணியைப் போட்டோவுல பாத்திருப்பீங்க. அது எடுத்து நாலு வருசம் ஆச்சு. இப்ப முன்னால கொஞ்சம் முடி கொட்டியிருக்குது, அவ்வளவுதான். பம்ப் கம்பெனியில சூப்பர்வைசரு. பீடி, சிகரெட்டு, தண்ணி ஒண்ணும் கெடையாது. நாப்பது நடக்குதுங்க. உங்க பொண்ணு அம்மிணிக்கு முப்பத்து மூணுன்னு தரகர் சொன்னாரு. வயசெல்லாம் இப்ப யாருங்க பாக்கறாங்க. கம்பெனி அஞ்சு மணிக்கு விடும். வருவான். வந்துருவான்.

ஏன் இந்த இத்தாலிக் கடைன்னு நீங்க நெனைக்கலாம். எல்லாரும் கேப்பாங்க. முன்னெல்லாம் நேரா பொண்ணு ஊட்டுக்கே போயிருவோம், சொஜ்ஜி பஜ்ஜி சாப்புட்டுட்டு வருவோம். இப்ப யாருங்க ஊட்டுக்குள்ள விடறாங்க? 'எங்கயாவது ஓட்டல்ல பாத்துக்கலாங்க, புடிச்சா மேக்கொண்டு பேசலாம்'ங்கறாங்க. பொண்ணு பெத்தவங்க காலமுங்க இது. சாய்பாபா காலனியில நம்ம ஊட்டுக்குப் பக்கத்துல மூணு ஓட்டல் இருக்குது. ஒண்ணு மேக்கு வாசல், ஒண்ணு தெக்கு வாசல். இது ஒண்ணுக்குத்தான் கெழக்கு வாசல். வேறென்னத்தைங்க பண்றது, இத்தாலின்னாலும் பரவால்லைன்னு வந்துட்டோம். கடைக்காரர் கந்தவேல் நம்ம காங்கயத்துக்காரருதான். பதினாலு வருசம் இத்தாலியில ஓட்டல் அடுப்புல நின்னுட்டு வந்தவரு. மாவைத் தட்டி மேல தக்காளிச் சட்னியப் பூசி அடுப்புக்குள்ள தள்றாரு, அதுக்கு ஆயிரம் பேரு வெச்சிருக்காரு. நான் தயிர்சாதம் கேட்டா சிரிப்பாரு.

எட்டு வருசமா இந்தக் கடைக்கு வர்றேங்க. நான் பாக்காத நேரம் இங்க கெடையாது. காலையில எட்டு மணிக்குத் தொடச்சு விட்ட தரை ஈரமா இருக்கும், அப்பவும் வந்திருக்கேன். மத்தியானம் ஆபீஸ்காரங்க நெரிசல்ல வந்திருக்கேன். மூணேகாலுக்கு வந்தா நாற்காலியத் தூக்கி மேசை மேல கவுத்திருப்பாங்க. எந்த நாள் எந்த நேரம் நல்லாருக்குதோ அந்த நேரம். பஞ்சாங்கத்தைப் பாத்துத்தான் போன் பண்ணுவேன். அதுல நான் ரொம்பக் கறாருங்க.

மொத மொதல்ல ஒரு ஞாயித்துக்கெழமை, பதினோரு மணி. திருப்பூர்ப் புள்ளை. வெள்ளைக் கொழம்புல சேமியா மாதிரி என்னமோ வாங்கிச் சாப்புட்டுது. நான் சும்மா, பேச்சுக்குத்தான், 'சமையலெல்லாம் தெரியுமா கண்ணு?'ன்னு கேட்டேன். 'தெரியும்'னுச்சு. 'என்ன தெரியும்?'னேன். 'கொள்ளுப் பருப்பு எப்படிக் கடைவே?'ன்னேன். 'எத்தனை மணிக்கு எந்திரிப்பே?'ன்னேன். இதுல என்னங்க தப்பு? ரெண்டு நாள் கழிச்சு, பையனைப் புடிச்சிருக்குது, ஆனா வேண்டாங்கன்னாங்க. பையனைப் புடிச்சா அப்பறம் என்னங்க ஆனா? எனக்கு இன்னி வரைக்கும் அது வெளங்கலை.

அப்பறம் ஒரு புதங்கெழமை, ராகு காலம் கழிச்சு மத்தியானம் ஒண்ணே முக்கால். பொண்ணோட அப்பா வந்ததும் வராததுமா வெளிநாடு போற எண்ணம் இருக்குதான்னாரு. தரணி, 'இல்லீங்க, அம்மா தனியா இருக்காங்க'ன்னான். அந்தாளு பாதி ரொட்டியில எந்திரிச்சுட்டாரு. நான் எம் பையனை நெனச்சு அன்னிக்கு எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுங்களா? இன்னொருத்தி வியாழக்கெழமை, மூணேகால். அவ வேற யாரையோ விரும்பறாளாம். அதை இவங்கிட்டத் தனியாச் சொல்லி அழுதிருக்கா. இவன் எங்கிட்ட வந்து, 'எனக்குப் புடிக்கலைம்மா'ன்னு பழியத் தன் மேல போட்டுக்கிட்டான். எனக்கு அது ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அப்படிப்பட்ட பையன். நெசமாலுமே தங்கமுங்க.

ரொட்டி வந்துருச்சு, எடுத்துக்கங்க. சூடு. பாத்துங்க.

ஒரே ஒரு எடம் மட்டும் கூடி வந்த மாதிரி இருந்துச்சு. சொல்றேன். நாளைக்கு உங்களுக்கு வேற யாராவது வேற மாதிரி சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிப்போடறேன். நீங்களே கேட்டு நாயத்தைச் சொல்லுங்க.

யமுனான்னு ஒரு புள்ளை. ஆஸ்பத்திரியில நர்சு. சனிக்கெழமை பாக்கலாம்னு ஆச்சு. சனிக்கெழமை ராகு காலம் ஒம்போதுலருந்து பத்தரை. அதனால பத்து முப்பத்தஞ்சுக்கு வாங்கன்னு நான் தெளிவாச் சொல்லியிருந்தேன். ஆனா அந்தப் புள்ளை ராத்திரி டூட்டி முடிச்சுட்டு நேரா வந்திருக்குது. அவங்கப்பாவுக்குக் கடை தொறக்கணுமாம், ஒம்போதே முக்காலுக்கே கொண்டாந்து விட்டுட்டு, 'பதினோரு மணிக்கு வர்றேன்'னு போயிட்டாரு. தரணி எடம் புடிக்க முன்னாடியே வந்து உக்காந்திருக்கான்.

நான் எங்க இருந்தேன்னு கேளுங்க. ராகு காலத்துல ஊட்டுலருந்து கெளம்பக் கூடாதுல்லீங்க. அதனால எட்டே முக்காலுக்கே கெளம்பிட்டேன். இங்கயும் உள்ள வரக் கூடாதே. எதுத்தாப்புல பேக்கரி இருக்குது பாருங்க, அந்தப் பெஞ்சுல உக்காந்துட்டேன். கண்ணாடி வழியா எல்லாம் தெரியும். இதே மேசைதான்.

அந்தப் புள்ளைக்குக் கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. தரணி என்னமோ கேட்டான், அவ தலையாட்டுனா. முட்டையும் தடி ரொட்டியும் காப்பியும் வந்துச்சு. மணியப் பாத்தேன். பத்தேகால். கெட்ட நேரம் உச்சத்துல நிக்குது. அவ ரொட்டியப் பிச்சு முட்டையில தொட்டு வாயில போட்டா. அதோட விட்டாளா? கொஞ்ச நேரத்துல அவன் தட்டுலருந்தும் ஒரு துண்டு எடுத்துக்கிட்டா. கேக்காம எடுத்தா. அவன் சிரிச்சான் பாருங்க. சம்பந்தி, நான் பெத்து வளத்தவ சொல்றேன், எம் பையன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை. வாயைத் தொறந்து, தலையப் பின்னால சாச்சு, சத்தம் எனக்குக் கேக்காது, ஆனா தெரியுது. மேசையத் தட்டித் தட்டிச் சிரிக்கறான். ஊட்டுல முப்பத்தாறு வருசமா என்னத்தைச் சொல்லி அவன் அப்படிச் சிரிச்சான்?

பத்தரை வரைக்கும் அந்தப் பெஞ்சுலயே உக்காந்து பாத்துட்டு இருந்தேன். எனக்கு நெஞ்சுல என்னமோ பண்ணுச்சு. அது கெட்ட நேரத்தோட வேலை, வேற ஒண்ணுமில்லை. பத்து முப்பத்தொண்ணுக்கு உள்ள வந்தேன். ரெண்டு தட்டும் காலி. அந்தப் புள்ளை எந்திரிச்சு, 'வாங்கத்தை'ன்னுச்சு. மொத நாளே அத்தை. வாயோரத்துல மஞ்சக்கரு ஒட்டியிருந்துச்சு.

நீங்களே சொல்லுங்க, அப்படி ஆரம்பிச்ச சம்பந்தம் வெளங்குங்களா? நான் தரகர்கிட்ட ஜாதகம் சேரலைன்னு சொல்லிப்போட்டேன். தரணி தெனமும் கேட்டான். காலையில கேப்பான், சாயங்காலம் கேப்பான், 'அவங்க என்னம்மா சொன்னாங்க?'ன்னு. அவனுக்கு என்ன சொல்றது? ராகு காலம்னா அவன் கேக்க மாட்டான். அதனால, 'உன் சம்பளம் பத்தாதுன்னுட்டாங்க கண்ணு'ன்னேன். ஒரு நல்லதுக்குச் சொல்றதுதானுங்களே. நாம பெத்தவங்க, நமக்கில்லாத அக்கறையா? அந்தப் புள்ளையோட அப்பா ரெண்டு தடவை ஆள் விட்டாரு. ஜாதகத்தை வேற எடத்துல காட்டுனாராம், நல்லாச் சேருதாம். நான் வாசல்லயே பேசி அனுப்பிச்சுட்டேன். தரணி அப்ப ஊட்டுல இல்லை. ரெண்டு ஷிப்டு பாத்துட்டு இருந்தான். சம்பளம் பத்தாதுன்னு சொல்லியிருந்தேனில்லீங்களா, அதுக்குத்தான். ராத்திரி வந்தா கண்ணு சொருகும். என்ன கஷ்டப்பட்டான்! பாத்துட்டு எனக்கே அழுகை வந்துரும்.

என்னங்க, ரொட்டிய வெச்சுட்டீங்க? சூடாவா இருக்குது?

சரி, அதோட போச்சுன்னு இருந்தேன். ரெண்டு வருசமாச்சு. போன வருசம் ஒரு ஞாயித்துக்கெழமை, பதினொண்ணேகால், தாராபுரத்துலருந்து ஒரு குடும்பம் வந்திருந்துச்சு. அவங்க நாலு பேரு, நாங்க ரெண்டு பேரு. தரணி வேண்டா வெறுப்பாத்தான் வந்தான், ஆனா வந்தான். நான் கூப்புட்டா வந்துருவான் அப்ப. சூப்பு குடிச்சிட்டு இருக்கறப்ப கதவு தொறந்துச்சு. யமுனா. இடுப்புல ஒரு கொழந்தை, பின்னாடி புருசன்.

பாக்காத மாதிரி போயிருந்தா என்னங்க? போகலை. நேரா வந்து, 'நல்லாருக்கீங்களா?'ன்னு இவனைக் கேட்டா. இவன் எந்திரிச்சு நின்னுட்டான். 'நீங்க நல்லாருக்கீங்களா? அன்னிக்கு என் சம்பளம் உங்களுக்குச் சரிப்படலை, பரவால்லைங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். அந்தப் புள்ளைக்குப் புரியலை. 'சம்பளமா? ஜாதகம் சேரலைன்னு உங்கம்மாதானே சொல்லி விட்டாங்க? எங்கப்பா ரெண்டு தடவை ஆளனுப்புனாருங்களே. உங்களுக்குச் சொல்லலீங்களா?'ன்னு கேட்டா. கொழந்தை அவ தாலியப் புடிச்சு இழுத்துட்டு இருந்துச்சு. அப்பறம் அவளே என் மொகத்தைப் பாத்தா, அவன் மொகத்தைப் பாத்தா, 'சரிங்க, வர்றேங்க'ன்னு போயி அந்த மூலையில உக்காந்துட்டா.

தரணி கத்துவான்னு பாத்தேன். கத்தலைங்க. உக்காந்தான். தாராபுரத்துக்காரங்களுக்கு எல்லாம் எடுத்துப் பரிமாறுனான். 'இது நல்லாருக்கும், சாப்புடுங்க'ன்னு அந்தப் புள்ளைகிட்ட மரியாதையாச் சொன்னான். அவங்களை ஆட்டோ வரைக்கும் கொண்டு விட்டுட்டு வந்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா நான் எல்லாத்தையும் எடுத்துச் சொல்லியிருப்பேன், அந்தப் பத்தேகால் மணியைச் சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லீங்களே.

அன்னிக்கு ராத்திரி தோசை ஊத்துனேன். 'சாப்புட்டாச்சு'ன்னான். அடுத்த நாள் காலையில இட்லி. 'சாப்புட்டாச்சு.' அப்பறந்தான் தெரிஞ்சுது, மூணு வேளையும் இங்க வந்துதான் சாப்புடறான். ஒரே ஊடுங்க. கரெண்டு பில்லுக் கட்டுவான், என் முட்டி வலிக்கு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவான், மாத்திரை வாங்கியாந்து எடுத்துக் குடுப்பான். ஆனா என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்கறான். ஒரு வருசம் முடிஞ்சுபோச்சு. கொள்ளுப் பருப்பு கடைஞ்சு வெச்சா அது அப்படியே இருக்கும். நானே ரெண்டு நாள் வெச்சுத் தின்னுட்டுக் கொட்டறேன்.

நானும் விடலைங்க. அவன் காலையில வர்ற நேரம் தெரிஞ்சு எட்டுக்கு வந்து இங்க உக்காந்தேன். மறுநாள் அவன் ஏழரைக்கு வந்து போயிட்டான். மத்தியானம் வந்தேன், அவன் மூணு மணிக்கு மாத்திக்கிட்டான். எந்த நேரம் வந்தாலும் அவனுக்கு வேற நேரம் ஒண்ணு இருக்குதுங்க. கந்தவேல்கிட்டக் கேட்டேன், 'எம் பையன் என்ன சாப்புடறான்?'னு. 'அதெல்லாம் எனக்கெதுக்குங்கம்மா, நீங்களே கேட்டுக்கங்க'ன்னுட்டாரு. அப்பறம் ஒரு நாள் நான் உக்காந்திருக்கறப்பவே வந்தான். பாத்தான். பாத்துட்டு அதோ, அந்தப் படியேறி மாடிக்குப் போயிட்டான். இருவத்திரண்டு படி. எனக்கு முட்டி மடங்காதுன்னு அவனுக்குத் தெரியும். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனவனே அவன்தானே. அன்னிலருந்து மாடியிலதான்.

இல்லீங்க. நீங்க வந்திருக்கறது அவனுக்குத் தெரியாது. பொய் சொல்லலைங்க, வருவான்னு சொன்னேன், வருவான்தான். சாயங்காலம் காப்பிக்கு வருவான். ஆனா பொண்ணு பாக்கறதுக்கு இல்லை. 'இனிமே நீயே போயி நீயே பாத்துக்கோ'ன்னு ஒரே ஒரு தடவை சொன்னான். அதான் நானே பாக்கறேன். இந்த ஒரு வருசத்துல பதினோரு குடும்பம் வந்துட்டாங்க. எல்லாருகிட்டயும் மனசு விட்டு இப்படித்தான் ஒண்ணு விடாமச் சொல்றேன், மறைச்சு வெச்சா நாளைக்குப் பிரச்சினையாகும்ல. ஒருத்தர்கூடத் திரும்பிக் கூப்புடலை. ஏன்னே தெரியலை. இப்பல்லாம் உண்மை பேசறவங்களை யாருக்குங்க புடிக்குது.

அவனுக்கு ஒரு கல்யாணம் ஆச்சுன்னா எல்லாம் சரியாயிருங்க. பொண்டாட்டி வந்தா அவ சொல்லி என் கையால ஒரு வாய் சாப்புட வெச்சுருவா. அதுக்குத்தான் பாக்கறேன். எனக்கு அறுவத்தெட்டு ஆகுது. ராத்திரி படுத்தா பயமா இருக்குது. எனக்கப்பறம் அவனுக்கு யாருங்க இருக்காங்க? எனக்குத்தான் இப்ப யாரு இருக்கா?

ஸ்ஸ். வந்துட்டான். திரும்பிப் பாக்காதீங்க. நீலச் சட்டை. இங்க பாத்துட்டான். இல்லை, நிக்கலை. மாடிக்குப் போறான். கையில பைய வெச்சிருக்கான், சாப்பாட்டுப் பை இல்லைங்க அது, கம்பெனிப் பை. பாருங்க, ஒவ்வொரு படியா எப்படி ஏறறான், அவனுக்கும் முட்டி வலிக்குமோ என்னமோ.

என்னங்க, எந்திரிக்கறீங்க? நீங்க போயிப் பேசறீங்களா? ஐயோ, மகராசியா இருப்பீங்க. போங்க, போயிப் பேசுங்க. கோபியிலருந்து வந்திருக்கேன்னு சொல்லுங்க. பெரியவங்ககிட்ட அவன் மரியாதை தவறவே மாட்டான். நான் அனுப்புனேன்னு மட்டும் சொல்லாதீங்க.

வந்துட்டீங்களா. உக்காருங்க. ஏன் நிக்கறீங்க? இந்தப் பை இங்கயே இருக்கட்டுமே, எதுக்கு அதுக்குள்ள எடுத்துத் தோள்ல மாட்டறீங்க. எந்திரிச்சு நின்னானா? நிப்பான். உக்காருங்கன்னு நாற்காலி இழுத்துப் போட்டானா? போடுவான். காப்பி சொல்லட்டுங்களான்னு கேட்டிருப்பானே. என்ன சொன்னான்?

இன்னொரு தடவை சொல்லுங்க.

'உங்க பொண்ணைக் கொண்டு வந்து எங்கம்மா கையில குடுத்துராதீங்க'ன்னானா?

அப்படியே சொன்னானா? கோவமாவா? சிரிச்சுக்கிட்டேவா? கை கூப்பியா சொன்னான்?

பாத்தீங்களா சம்பந்தி. அடுத்தவங்க ஊட்டுப் புள்ளை கஷ்டப்படக் கூடாதுன்னு தன் கல்யாணத்தையே வேண்டாங்கறான் பாத்தீங்களா? இந்தக் காலத்துல எந்தப் பையனுங்க அப்படிச் சொல்லுவான்? நான் சொன்னேனில்லீங்களா, தங்கம்னு.

போறீங்களா? சரி, போங்க. கோபி பஸ்ஸு இருக்கும். அம்மிணிகிட்ட யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க. சொல்லாட்டியும் போகுது. ஒரே ஒரு நிமிசம் நில்லுங்க. இது ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போயிருங்க. நீங்க மாடியில கிட்ட நின்னு பாத்தீங்கல்ல. ஒரு வருசமாச்சுங்க அவன் ஒரு வாய் சாப்புட்டு நான் பாத்து. அவன் முன்னாடி தட்டுல என்னங்க இருந்துச்சு?